சர்வதேசக் குற்றங்களால் பாதிக்கப்பட்டவர்கள் நீதி கேட்க என்ன வழி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போரிலோ அரச ஒடுக்குமுறையிலோ உறவினரைப் பறிகொடுத்தவர்கள், சித்திரவதையிலிருந்து உயிர் தப்பியவர்கள், அவர்களுக்குத் துணை நிற்பவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. சர்வதேச நீதிமன்றங்கள் இருக்கும் நெதர்லாந்தின் ஹேக் நகருக்கு ஒரு மனு அனுப்பினால் எல்லாம் நடந்துவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். என்ன செய்தாலும் ஒன்றும் நடக்காது என்று வேறு சிலர் கைவிட்டுவிடுகிறார்கள். இதுவரை நடந்த வழக்குகளைப் பார்த்தால் இரண்டு பேச்சுமே எடுபடவில்லை. கீழே இருப்பது பொதுவான விளக்கம்தான். உங்கள் வழக்கு எப்படிப்பட்டது என்பதை ஒரு வழக்கறிஞரிடம் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எவையெல்லாம் சர்வதேசக் குற்றங்கள்?

1998இல் ஏற்கப்பட்டு 2002 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த, சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை உருவாக்கிய ரோம் சாசனம் நான்கு குற்றங்களைச் சொல்கிறது: இனப்படுகொலை, மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்கள், போர்க்குற்றங்கள், ஆக்கிரமிப்புக் குற்றம். இவற்றுக்கு வெளியே, சித்திரவதைக்கும் வலிந்து காணாமலாக்குதலுக்கும் தனித்தனி சர்வதேச உடன்படிக்கைகள் இருக்கின்றன.

போர்க்குற்றம் என்றால் ஆயுதமோதல் ஒன்று நடந்திருக்க வேண்டும். மனிதகுலத்துக்கு எதிரான குற்றத்துக்கு அது தேவையில்லை. பொதுமக்கள் மீது பரவலாகவோ திட்டமிட்ட முறையிலோ தாக்குதல் நடந்து, கொலையோ சித்திரவதையோ பாலியல் வன்முறையோ அதன் பகுதியாக நிகழ்ந்திருந்தால் போதும். இனப்படுகொலையை உயிரிழந்தோரின் எண்ணிக்கை தீர்மானிப்பதில்லை. ஒரு தேசிய, இன, மரபின அல்லது மதக் குழுவை முழுமையாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கம் இருந்தது என்று நிரூபிக்க வேண்டும். நீதிமன்றத்தில் நிரூபிக்க மிகக் கடினமானது அந்த நோக்கம்தான். அதனால் நடந்த கொடுமையை இனப்படுகொலை என்ற பெயரிலேயே விசாரிக்க வேண்டும் என்று மட்டும் பிடிவாதமாக நின்றால், கையில் இருக்கும் வலுவான ஆதாரம் வீணாகும் ஆபத்து உண்டு. மனிதகுலத்துக்கு எதிரான குற்றத்துக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்படுகிறது.

ஹேக் நகரில் இரண்டு நீதிமன்றங்கள் இருக்கின்றனவே, எது எதற்கு?

சர்வதேச நீதிமன்றம் நாடுகளுக்கு இடையிலான வழக்குகளை விசாரிக்கிறது. தனிமனிதர் அங்கே மனு கொடுக்க முடியாது. 2019 நவம்பரில் காம்பியா மியான்மர் மீது இனப்படுகொலை உடன்படிக்கையின் கீழ் தொடுத்த வழக்கு அந்த நீதிமன்றத்தில்தான் வந்தது. ரோஹிங்கியா மக்களுக்காக அவர்களோடு எல்லையைப் பகிராத ஒரு சிறு ஆப்பிரிக்க நாடு வழக்குத் தொடுத்ததையும் கவனிக்க வேண்டும்.

சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் வேறு. அது நாடுகளை விசாரிப்பதில்லை. தளபதி, அமைச்சர், ஆயுதக் குழுத் தலைவர் என்று தனிமனிதர்களை விசாரிக்கிறது. மரண தண்டனை அங்கே கிடையாது. 30 ஆண்டுவரை சிறை, மிகக் கொடிய குற்றத்துக்கு ஆயுள் சிறை, அவ்வளவுதான்.

நான் நேரடியாக அங்கே வழக்குத் தொடரலாமா?

முடியாது. தகவல் அனுப்பலாம். சாசனத்தின் 15ஆவது பிரிவின்படி யார் வேண்டுமானாலும் அந்த நீதிமன்றத்தின் வழக்குத்தொடுநர் அலுவலகத்துக்குக் குற்றம் பற்றிய தகவலை அனுப்பலாம். அனுப்பினார்கள் என்பதற்காக வழக்குத் தொடங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை. "ஹேக்கில் வழக்குப் பதிவாகிவிட்டது" என்று வரும் செய்திகளில் பல உண்மையில் இப்படி ஒரு கடிதம் அனுப்பப்பட்ட செய்திதான்.

விசாரணை தொடங்கியபின் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தனி இடம் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய நியூரம்பெர்க் விசாரணையில் அவர்கள் சாட்சிகளாக மட்டுமே வர முடிந்தது. ரோம் சாசனத்தின்படி அவர்கள் ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுத்து, நீதிபதிகள் ஏற்றால், வழக்கறிஞர் மூலம் தங்கள் கருத்தை நீதிமன்றத்தில் வைக்கலாம், இழப்பீடும் கோரலாம். படிவத்துக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைக்க வசதியற்றவர்களுக்கு நீதிமன்றமே பொதுவான வழக்கறிஞரை நியமிப்பது வழக்கம்.

யாரையெல்லாம் பாதிக்கப்பட்டவர் என்று ஏற்கிறார்கள்?

குற்றத்தால் உடலிலோ மனத்திலோ பொருளிலோ நேரடிப் பாதிப்புக்கு உள்ளானவர்களை ஏற்கிறார்கள். கொல்லப்பட்டவரின் குடும்பத்தினரும் அதில் சேர்வார்கள். பள்ளி, மருத்துவமனை, வழிபாட்டுத்தலம், நினைவுச்சின்னம் ஆகியவற்றை நடத்தும் நிறுவனங்களும் சேரலாம். மாலி நாட்டின் திம்புக்டுவில் புனிதர்களின் அடக்கத்தலங்களை இடித்த அல் மஹ்திக்கு 2016இல் 9 ஆண்டு சிறை கிடைத்தது. அந்த வழக்கில் 27 லட்சம் யூரோ இழப்பீடாக நிர்ணயிக்கப்பட்டது.

எங்கள் நாடு ரோம் சாசனத்தில் சேரவில்லை. கதவு அடைபட்டதுதானா?

பெரும்பாலும் ஆம். இந்தியா, இலங்கை, மியான்மர், சீனா, அமெரிக்கா, ரஷ்யா, இஸ்ரேல் எதுவும் உறுப்பு நாடு இல்லை. ஆனாலும் சில இடுக்குகள் இருக்கின்றன.

ஐ.நா. பாதுகாப்பு மன்றம் ஒரு நிலவரத்தை நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். 2005இல் சூடானின் டார்ஃபுரும் 2011இல் லிபியாவும் அப்படித்தான் போயின. 2014இல் சிரியாவை அனுப்ப முயன்றபோது ரஷ்யாவும் சீனாவும் வீட்டோ மூலம் தடுத்துவிட்டன. இந்த வழி வல்லரசுகளின் தயவில் நிற்கிறது என்பதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

குற்றத்தின் ஒரு பகுதி உறுப்பு நாட்டு மண்ணில் நடந்திருப்பது மற்றொரு இடுக்கு. மியான்மர் உறுப்பு நாடு இல்லை, வங்கதேசம் உறுப்பு நாடு. ரோஹிங்கியா மக்கள் விரட்டப்பட்டு எல்லையைத் தாண்டியபோது நாடுகடத்தல் என்ற குற்றம் வங்கதேச மண்ணில்தான் முழுமையடைந்தது என்று 2018இல் நீதிபதிகள் சொன்னார்கள். 2019இல் விசாரணைக்கு அனுமதியும் கொடுத்தார்கள். சட்டத்தை இப்படியும் படிக்கலாம் என்று முதலில் யோசித்தவரை மெச்சத்தான் வேண்டும்.

எப்படிப் பார்த்தாலும் 2002 ஜூலை 1க்கு முன் நடந்த எதையும் அந்த நீதிமன்றம் தொடாது. அதற்கு முந்தைய குற்றங்களுக்கு வேறு வழிதான் தேட வேண்டும்.

வேறு வழி என்றால்? மூன்றாவது நாட்டு நீதிமன்றமா?

ஆம். என் கணிப்பில், உறுப்பினரல்லாத நாட்டு மக்களுக்கு இன்று உள்ளவற்றில் உயிருள்ள வழி இதுதான். சில குற்றங்கள் எங்கே நடந்திருந்தாலும், செய்தவர் எந்த நாட்டவராக இருந்தாலும், அவரைத் தங்கள் நீதிமன்றத்தில் விசாரிக்கலாம் என்று பல நாடுகள் சட்டம் இயற்றியிருக்கின்றன. இதை உலகளாவிய நியாயாதிக்கம் என்பார்கள். ஸ்பெயின் நீதிபதி ஒருவரின் பிடியாணையின் பேரில் 1998 அக்டோபரில் சிலியின் முன்னாள் சர்வாதிகாரி பினோசே லண்டனில் கைதானபோதுதான் உலகம் இதைத் திரும்பிப் பார்த்தது.

ஜெர்மனியின் கோப்லென்ஸ் நகரில் நடந்த வழக்கு நல்ல எடுத்துக்காட்டு. சிரியாவின் உளவுத்துறைச் சிறை ஒன்றில் விசாரணைப் பிரிவுக்குத் தலைவராக இருந்த அன்வர் ரஸ்லான், பின்னர் ஜெர்மனியில் அகதியாகத் தஞ்சமடைந்தார். அவர் கையில் சிக்கியிருந்தவர்களும் அதே நாட்டுக்கு அகதிகளாக வந்து சேர்ந்திருந்தார்கள். உயிர் தப்பியவர்கள் வழக்கறிஞர்களோடு சேர்ந்து புகார் கொடுத்தார்கள், சாட்சி சொன்னார்கள். 2022 ஜனவரி 13 அன்று அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. இவ்வளவு நடந்தும் ஒரு குறை இருந்தது. விசாரணை ஜெர்மன் மொழியில் நடந்தது. பார்வையாளர் பகுதியில் இருந்த சிரியர்களுக்கு அரபு மொழிபெயர்ப்பு கிடைக்கவில்லை. தங்கள் வழக்கைத் தாங்களே புரிந்துகொள்ள முடியாமல் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று அந்த நீதிமன்றம் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

நடைமுறையில் பல நாடுகள், குற்றம் சாட்டப்பட்டவர் தங்கள் மண்ணில் இருந்தால்தான் விசாரணையைத் தொடங்கும். சில நாடுகளில் வழக்குத் தொடுப்பதா இல்லையா என்ற முடிவை அரசு வழக்கறிஞர் மட்டுமே எடுக்க முடியும். அதனால் நீங்கள் வாழும் நாட்டில் போர்க்குற்ற விசாரணைக்குத் தனிப் பிரிவு இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். ஜெர்மனி, பிரான்ஸ், நெதர்லாந்து, ஸ்வீடன் போன்ற நாடுகளில் இருக்கிறது. குற்றவாளி யாரென்று தெரியாவிட்டாலும் உங்கள் சாட்சியத்தைப் பதிவுசெய்து வைப்பார்கள். சந்தேக நபர் என்றாவது அந்த நாட்டு விமான நிலையத்தில் வந்து இறங்கும்போது கோப்பு தயாராக இருக்கும்.

சொந்த நாட்டு நீதிமன்றத்தை விட்டுவிடலாமா?

விட்டுவிடாதீர்கள். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் கடைசிப் புகலிடம்தான். உள்நாட்டில் உண்மையான விசாரணை நடக்கவில்லை, அல்லது நடத்த மனமோ திறனோ இல்லை என்றால்தான் அது உள்ளே வரும். உள்நாட்டில் கொடுத்த புகார், மறுக்கப்பட்ட மனு, பதிலே வராத கடிதம் எல்லாமே "இங்கே நீதி கிடைக்கவில்லை" என்பதற்கான சான்றாகும். தோற்றுவிடும் என்று தெரிந்த புகாரைக்கூடக் கொடுத்து, ரசீது வாங்கிப் பத்திரப்படுத்துவதற்குக் காரணம் அதுதான். புகார் கொடுத்தால் உயிருக்கு ஆபத்து என்ற நிலை இருந்தால் மட்டும் இந்த ஆலோசனை பொருந்தாது.

அரசியல் மாறும்போது உள்நாட்டு நீதிமன்றங்களும் மாறுகின்றன. அர்ஜென்டினாவில் 1985இல் இராணுவ ஆட்சித் தலைவர்கள் விசாரிக்கப்பட்டார்கள். பிறகு பொதுமன்னிப்புச் சட்டங்கள் வந்து எல்லாவற்றையும் மூடின. 2005இல் அந்தச் சட்டங்களை உச்ச நீதிமன்றம் செல்லாதவை ஆக்கியபின் நூற்றுக்கணக்கானோர் தண்டிக்கப்பட்டார்கள்.

வழக்கு எப்போது வரும் என்றே தெரியவில்லை. இப்போது நான் என்ன செய்ய வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

சாட் நாட்டில் 1982 முதல் 1990 வரை ஆண்ட ஹிசேன் ஹப்ரேயின் சிறையில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கிடந்தவர் சுலேமான் கெங்கெங். வெளியே வந்ததும் அவர் மற்றவர்களின் கதைகளை எழுதி வாங்கத் தொடங்கினார். 792 பேரின் வாக்குமூலங்கள் சேர்ந்தன. மிரட்டல் வந்ததும் அவற்றை ஒளித்துவைத்தார். அந்த வாக்குமூலங்கள் 2000ஆம் ஆண்டில் ஹப்ரே மீது செனகலில் தொடுக்கப்பட்ட புகாருக்கு அடித்தளமாயின. அடுத்த ஆண்டு, கைவிடப்பட்டுக் கிடந்த உளவுத்துறைத் தலைமையகத்தில் அந்த ஆட்சியின் ஆவணங்களே குவியலாகக் கிடைத்தன. 2016 மே 30 அன்று செனகல் தலைநகர் டாக்கரில் ஆப்பிரிக்க ஒன்றியத்தின் ஆதரவோடு அமைந்த சிறப்பு நீதிமன்றம் ஹப்ரேக்கு ஆயுள் தண்டனை விதித்தது. தீர்ப்பு வர 16 ஆண்டு ஆனது. ஆனால் அதற்கான வேலை, வழக்கு என்ற பேச்சே இல்லாத நாளில் தொடங்கியிருந்தது.

உங்களால் செய்யக்கூடியவை பல. நினைவில் இருப்பதை இன்றே எழுதி, எழுதிய தேதியைக் குறியுங்கள். கண்ணால் பார்த்ததையும் பிறர் சொல்லிக் கேட்டதையும் கலக்காமல் தனித்தனியாக எழுதுங்கள். சீருடையின் நிறம், வாகனத்தின் எண், அவர்கள் பேசிய மொழி, ஒருவர் மற்றவரை எப்படி அழைத்தார் என்பன போன்ற சிறு விவரங்களை விட்டுவிடாதீர்கள். யார் கட்டளையிட்டார் என்பதை அடையாளம் காண அவையே உதவும். கொடுமை நடந்தது என்பதை நிரூபிக்க ஆயிரம் சாட்சிகள் கிடைப்பார்கள். மேலதிகாரிக்கு அது தெரியும் என்பதை நிரூபிக்கத்தான் ஆள் கிடைப்பதில்லை.

படமும் காணொளியும் இருந்தால், எடுத்த கைபேசியிலோ மெமரி கார்டிலோ உள்ள மூலக் கோப்பை அப்படியே வைத்திருங்கள். வெட்டாதீர்கள், எழுத்துச் சேர்க்காதீர்கள். வாட்ஸ்அப் வழியாகப் படமாக அனுப்பினால் கோப்பு சுருங்கி, எடுத்த நேரமும் இடமும் பற்றிய விவரங்கள் அழிந்துபோகும். சமூக ஊடகத்தில் ஏற்றிவிட்டோம், அங்கே பத்திரமாக இருக்கும் என்றும் நினைக்காதீர்கள். வன்முறைக் காட்சி என்று சொல்லி அந்த நிறுவனங்கள் நீக்கிய சிரியக் காணொளிகள் ஏராளம். யார் எடுத்தது, யாரிடமிருந்து யாருக்கு எந்த நாளில் கைமாறியது என்று ஒரு தாளில் குறித்துவாருங்கள். சங்கிலி அறுந்தால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் பிடிப்பது அந்த இடத்தைத்தான்.

புதைகுழி என்று சந்தேகிக்கும் இடத்தைத் தோண்டாதீர்கள். இடத்தைப் படமெடுத்து, அடையாளங்களைக் குறித்துவைத்தால் போதும். எலும்புகள் கிடந்த நிலைகூட ஆதாரம்தான், அதைக் கலைத்துவிட்டால் திரும்பக் கிடைக்காது.

பல அமைப்புகள் வந்து வாக்குமூலம் கேட்கின்றன. எல்லோரிடமும் சொல்லலாமா?

கூடாது என்றே சொல்வேன். ஒரே சம்பவத்தை ஐந்து பேரிடம் ஐந்து முறை சொன்னால், ஐந்து பதிவுகளிலும் சிறு வேறுபாடுகள் இருக்கும். அது மனித நினைவின் இயல்பு. ஆனால் முந்தைய வாக்குமூலங்களைப் பார்க்க எதிர்த்தரப்புக்கு உரிமை உண்டு, அந்த வேறுபாடுகளை வைத்தே சாட்சியை உடைப்பார்கள். மனக்காயம் திரும்பத் திரும்பக் கிளறப்படுவது இன்னொரு கேடு. குழந்தைகளிடமும் பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்களிடமும் விரிவான வாக்குமூலம் எடுப்பதைப் பயிற்சி பெற்றவர்களுக்கே விட்டுவிட வேண்டும். 2022இல் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் வழக்குத்தொடுநர் அலுவலகமும் குற்ற வழக்குகளில் நாடுகளை ஒருங்கிணைக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் யூரோஜஸ்ட் அமைப்பும் தொண்டு நிறுவனங்களுக்கென்று சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டி இதைத்தான் வலியுறுத்துகிறது.

ஐ.நா.வே ஆதாரம் திரட்டும் அமைப்புகளை உருவாக்கியிருக்கிறது. சிரியாவுக்காக 2016இலும் மியான்மருக்காக 2018இலும் அவை அமைக்கப்பட்டன. இலங்கை தொடர்பான ஆதாரங்களைத் திரட்டிப் பாதுகாக்க 2021இல் மனித உரிமைகள் பேரவை தன் 46/1 தீர்மானத்தின் மூலம் வழி செய்தது. இவை நீதிமன்றங்கள் அல்ல, தண்டிக்கும் அதிகாரமும் இவற்றுக்கு இல்லை. என்றாவது வழக்கு நடத்தும் நாட்டுக்குக் கொடுக்கவே சேர்க்கிறார்கள்.

சாட்சி சொன்னால் என் குடும்பத்துக்கு என்ன பாதுகாப்பு?

புனைபெயரில் சாட்சி சொல்லலாம். முகத்தையும் குரலையும் மாற்றலாம். கதவடைத்த விசாரணை கேட்கலாம். மிக அரிதாக, வேறு நாட்டில் குடியமர்த்துவதும் உண்டு. இத்தனையும் இருந்தும் பாதுகாப்பு உறுதி என்று யாராலும் சொல்ல முடியாது. கென்யாவில் 2007-08 தேர்தல் வன்முறை தொடர்பாகச் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் நடந்த வழக்குகள் 2014இலும் 2016இலும் சரிந்து விழுந்தன. சாட்சிகள் மிரட்டப்பட்டதும் பின்வாங்கியதும் அதற்கு முக்கியக் காரணம். ஊரில் இன்னும் உறவினர் இருந்தால், வாய் திறப்பதற்கு முன் அவர்களைக் கேளுங்கள். ஆபத்தில் ஒரு பங்கு அவர்கள் தலையில் விழும்.

காணாமலாக்கப்பட்டவரைத் தேடுகிறோம். அதற்குத் தனி வழி உண்டா?

உண்டு. ஐ.நா.வின் வலிந்து காணாமலாக்கப்பட்டோர் தொடர்பான செயற்குழு 1980 முதல் இயங்குகிறது. உள்நாட்டு நீதிமன்றத்துக்கெல்லாம் போய் முடித்துவிட்டுத்தான் வர வேண்டும் என்று அது கேட்பதில்லை. குடும்பம் நேரடியாக விண்ணப்பிக்கலாம். செயற்குழு அந்த அரசிடம் பதில் கேட்கும். பதில் வராமலும் போகலாம். ஆனால் அந்தப் பெயர் திறந்த கோப்பாக ஐ.நா.வில் நிற்கும்.

பெற்றோர் முதுமையில் இருந்தால் மரபணு மாதிரியைத் தள்ளிப்போடாதீர்கள். அர்ஜென்டினாவில் சிறையில் பிறந்து, பறித்துச் செல்லப்பட்டு, வேறு குடும்பங்களில் வளர்க்கப்பட்ட குழந்தைகளைத் தேடிய பாட்டிமார், தங்கள் இரத்த மாதிரிகளைச் சேமிக்க 1987இல் ஒரு தேசிய மரபணு வங்கியையே சட்டத்தின் மூலம் பெற்றார்கள். இதுவரை 130க்கும் மேற்பட்ட பேரப்பிள்ளைகள் அடையாளம் காணப்பட்டிருக்கிறார்கள். மாதிரி கொடுத்த பாட்டிகளில் பலர் இன்று உயிரோடு இல்லை, மாதிரிகள் இருக்கின்றன.

முப்பது ஆண்டுகளாகிவிட்டன. காலம் கடந்துவிட்டதா?

இந்தக் குற்றங்களுக்குக் காலவரம்பு இல்லை என்பது சர்வதேசச் சட்டத்தின் நிலை. ருவாண்டா இனப்படுகொலை வழக்கில் தேடப்பட்ட கபூகா 26 ஆண்டுகளுக்குப் பிறகு 2020இல் பாரிஸ் அருகே பிடிபட்டார். நாஜி வதைமுகாமில் தட்டச்சராக இருந்த 97 வயதுப் பெண்ணுக்கு 2022இல் ஜெர்மனியில் தண்டனை கிடைத்தது. ஆனால் கபூகாவின் வழக்கு பாதியில் நின்றது. விசாரணையைத் தாங்கும் நிலையில் அவர் இல்லை என்று 2023இல் நீதிபதிகள் முடிவு செய்தார்கள். சட்டம் காத்திருக்கும், மறதிநோய் காத்திருக்காது. சில நாடுகளின் உள்நாட்டுச் சட்டங்களிலும், இழப்பீடு கோரும் உரிமையியல் வழக்குகளிலும் காலவரம்பு உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

இழப்பீடு எவ்வளவு கிடைக்கும்?

எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். காங்கோ நாட்டு ஆயுதக் குழுத் தலைவர் கட்டாங்காவின் வழக்கில் 2017இல் 297 பேருக்குத் தலா 250 டாலர் அடையாளத் தொகையாக அறிவிக்கப்பட்டது. அதோடு வீடு, கல்வி, மனநல உதவி போன்ற கூட்டு உதவிகளும் சேர்ந்தன. உகாண்டா ஆயுதக் குழுத் தளபதி ஒங்வெனின் வழக்கில் 2024இல் மொத்தம் 5 கோடி 24 லட்சம் யூரோ நிர்ணயிக்கப்பட்டது. அதில் ஏறக்குறைய 50,000 பேருக்குத் தலா 750 யூரோ அடையாளத் தொகை, மீதி கூட்டு உதவிகளுக்கு. அதைக் கட்டக் குற்றவாளியிடம் பணம் இல்லை. நீதிமன்றத்தின் பாதிக்கப்பட்டோர் நிதியம், நாடுகளிடமும் கொடையாளர்களிடமும் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும். ஹப்ரே வழக்கில் 7,000க்கும் மேற்பட்டோருக்குத் தீர்ப்பாகக் கிடைத்த தொகை பல ஆண்டுகள் காகிதத்திலேயே இருந்தது. காத்திருந்தவர்களில் பலர் அதற்குள் இறந்துபோனார்கள்.

குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையாகிவிட்டால்?

நீதிமன்றம் இழப்பீடு உத்தரவிட முடியாது. காங்கோவின் ஆயுதக் குழுத் தலைவர் பெம்பா, தன் படையினர் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் செய்த குற்றங்களுக்காக 2016இல் தண்டிக்கப்பட்டு 2018இல் மேல்முறையீட்டில் விடுதலையானார். மத்திய ஆப்பிரிக்கக் குடியரசைச் சேர்ந்த 5,000க்கும் மேற்பட்ட பாதிக்கப்பட்டவர்கள் அந்த வழக்கில் பங்கேற்றிருந்தார்கள். தீர்ப்பைச் சாராமல் உதவி செய்யும் அதிகாரம் பாதிக்கப்பட்டோர் நிதியத்துக்கு இருப்பதால் சிறிதளவு உதவி மட்டும் தொடர்ந்தது.

உண்மை ஆணையம் போதாதா? மன்னித்துவிட்டுப் போகலாமே?

மன்னிப்பது பாதிக்கப்பட்டவரின் உரிமை. அவருக்காக வேறு யாரும் மன்னிக்க முடியாது, அரசுக்கும் அந்த உரிமை இல்லை. நிறவெறி ஆட்சி முடிந்தபின் அமைந்த தென்னாப்பிரிக்க உண்மை ஆணையத்தில் உண்மையை முழுதாகச் சொன்னவர்களுக்குப் பொதுமன்னிப்பு கிடைத்தது. 7,000க்கும் மேற்பட்டோர் கேட்டார்கள், 849 பேருக்குத்தான் கொடுக்கப்பட்டது. மறுக்கப்பட்டவர்கள் மீது வழக்கு வரும் என்பதுதான் ஒப்பந்தத்தின் மறுபாதி. அந்த மறுபாதியை அடுத்து வந்த அரசுகள் பெரும்பாலும் நிறைவேற்றவில்லை. ஆணையம் வேண்டுமா வழக்கு வேண்டுமா என்று உங்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், இரண்டும் வேண்டும் என்று சொல்லுங்கள்.

நாட்டுத் தலைவர்களைத் தொட முடியுமா?

சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் பதவி கவசமாகாது. 2023 மார்ச்சில் ரஷ்ய அதிபர் புதின் மீதும், 2024 நவம்பரில் இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகு மீதும் பிடியாணை பிறந்தது. அந்த நீதிமன்றத்துக்குச் சொந்தப் போலீஸ் கிடையாது, கைது செய்ய வேண்டியது நாடுகள்தான். பிலிப்பைன்ஸின் முன்னாள் அதிபர் துதெர்தே 2025 மார்ச்சில் ஹேக்குக்கு அனுப்பப்பட்டதற்குக் காரணம், அவருடைய சொந்த நாட்டு அரசியல் அவருக்கு எதிராகத் திரும்பியதுதான்.

வழக்கு நடத்தித் தருகிறோம் என்று சிலர் பணம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

ஹேக் நீதிமன்றத்தில் பங்கேற்பதற்கோ ஐ.நா. அமைப்புகளுக்கு விண்ணப்பிப்பதற்கோ கட்டணம் எதுவும் இல்லை. கட்டணம் உண்டு என்று சொல்பவரை நம்ப வேண்டாம். "நிச்சயம் தண்டனை வாங்கித் தருவோம்" என்பவரையும் நம்ப வேண்டாம், எந்த நேர்மையான வழக்கறிஞரும் அப்படிச் சொல்ல மாட்டார். வாக்குமூலம் கொடுக்கும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இதை எங்கே வைத்திருப்பீர்கள், யாருக்கெல்லாம் கொடுப்பீர்கள், பிறகு நான் வேண்டாம் என்றால் திரும்பப் பெற முடியுமா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். உங்களுக்குத் தெரியாத மொழியில் எழுதப்பட்ட தாளில், வாசித்து மொழிபெயர்த்துச் சொல்லாமல் கையெழுத்திடாதீர்கள். கையெழுத்திட்டதன் நகலை அன்றே வாங்கிக்கொண்டு வாருங்கள்.